டீசலில் எண்ணெய் ஊற்றச் சொன்ன மகனுக்கு

மகனே,

நேற்று முன்தினம் நீ உன் அம்மாவிடம் போனில் பேசியபோது அவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தது உனக்குத் தெரியாது. ஜெர்மனிக்குக் கிளம்புவதற்கு முன் பொங்கலுக்கு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவதாகச் சொன்னாய். நல்லது. அதற்குப் பிறகு சொன்னாய்: "சீர்காழி ஸ்டேஷனுக்கு மாரி அண்ணன் வண்டி வேணாம்மா. கும்பகோணத்துல ஏதாவது டிராவல்ஸ்ல சொல்லிடுங்க." உன் அம்மா ஏன் என்று கேட்டாள். "சும்மாதான். கொஞ்சம் நல்ல வண்டியா வரட்டுமே" என்றாய். சீர்காழி ஸ்டேஷனிலிருந்து நம் வீட்டுக்கு ஏழு மைல். அந்த ஏழு மைலுக்குக் கும்பகோணத்திலிருந்து ஒரு வண்டி காலி வண்டியாக ஓடிவர வேண்டும். ஒரு மனிதன் முகத்தைப் பார்க்காமல் இருக்க எவ்வளவு தூரம் சுற்றுகிறாய் என்று பார்.

எனக்கு எழுபது வயது. முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளை அதட்டி வேலை வாங்கியவன். கோபம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும்; எனக்குக் கோபம் வந்தால்தான் கையெழுத்து ஒழுங்காக வரும். இந்தக் கடிதத்தின் எழுத்து அழகாக இருந்தால் அதை வைத்து என் மனநிலையைத் தெரிந்துகொள். போனில் பேசினால் "அப்பா, மீட்டிங்ல இருக்கேன்" என்பாய். காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. இதை நான் ஒளித்தும் எழுதவில்லை. உன் அம்மா படித்த பிறகுதான் தபாலில் போடுவேன். மாரி கேட்டால் அவனுக்கும் கொடுப்பேன்.

போன மே மாதம் பிள்ளைகளுக்குக் கடலையும் கோட்டையையும் காட்ட வேண்டும் என்று தரங்கம்பாடிக்குப் போனோமே, அந்த நாளை முதலில் எடுத்துக்கொள்வோம். மாரியின் பழைய வெள்ளை வண்டி. இருபது வருஷத்து டீசல் கார். திரும்பி வரும்போது ரோட்டோரப் பங்கில் டீசல் போட நிறுத்தினான். பிள்ளைகளும் உன் மனைவியும் ஐஸ் வாங்க இறங்கினார்கள். நான் முன் சீட்டில் இருந்தேன், கதவு திறந்திருந்தது. நீ பானெட்டைத் தூக்கச் சொல்லி, வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, காதைக் கிட்டே வைத்துக் கேட்டாய். மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பதைப்போல இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கப்போவதில்லை.

"அண்ணே, பம்ப் காஞ்சுபோய்ச் சத்தம் போடுது. இப்ப வர்ற டீசல்ல கந்தகம் கம்மி, வழுவழுப்பு கிடையாது. டூ டி ஆயில் கொஞ்சம் ஊத்துங்க. பம்புக்கு ஆயுசு கூடும்."

"மருந்தடிக்கிற மிஷினுக்குப் பெட்ரோல்ல கலப்பமே, அந்த ஆயிலா தம்பி?"

"அதேதான். இருநூறு லிட்டருக்கு ஒரு லிட்டர்ங்கிற அளவு. நாப்பது லிட்டர் போட்டா இருநூறு மில்லி."

மாரி டேஷ்போர்டிலிருந்து ஒரு டைரியை எடுத்து அதை எழுதிக்கொண்டான். எட்டாம் வகுப்பு வரை என்னிடம் படித்தவன். அப்போதும் அப்படித்தான், சொன்னதை எழுதிக்கொள்ளாமல் நகர மாட்டான். எழுதி முடித்துவிட்டு இன்னொன்று கேட்டான்: "தம்பி, இந்த வண்டி இன்னும் ரெண்டு மாசம்தான். கொஞ்சம் புதுசா ஒண்ணு செகண்ட்ஸ்ல பாத்துக்கிட்டிருக்கேன். அதுக்கும் இதையே ஊத்தலாமா?"

அதற்கு நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இல்லாமல் இருக்கலாம். எனக்கு இருக்கிறது. பானெட்டை மூடிக்கொண்டே, கையைத் துடைத்துக்கொண்டே, அவனைப் பார்க்காமல் சொன்னாய்: "எந்த வண்டியா இருந்தா என்னண்ணே. டீசல்னா டீசல்தான்."

வகுப்பில் நான் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பாடம் நடத்தி முடித்ததும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் மரியாதைக்கு. வாத்தியார் சந்தோஷப்படட்டும் என்று கேட்பார்கள். இரண்டாவது கேள்வி அப்படியல்ல. அதைக் கேட்கிறவன் வீட்டுக்குப் போய் நிஜமாகவே அதைச் செய்துபார்க்கப்போகிறவன். சோப்பும் நீரும் கலந்து பாடம் நடத்தினால், "சார், சீயக்காய்த் தூளுக்கும் இப்படி நுரை வருமா?" என்று கேட்பவன் அன்று மாலை சீயக்காயைக் கலக்குவான். அவனுக்குப் பதில் சொல்லும்போதுதான் ஆசிரியர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும். மாரி கேட்டது அந்த இரண்டாவது கேள்வி. "என்ன வண்டிண்ணே வாங்கப்போறீங்க? எந்த வருஷத்து மாடல்?" என்று நீ கேட்டிருந்தால் பத்து வினாடி ஆகியிருக்கும். பத்து வினாடி. ஐஸ் உருகியிருக்காது.

நீ சொன்னது முழுப் பொய் இல்லை. அதுதான் இன்னும் மோசம். இந்த இரண்டு மாதமாக நான் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்து. பழைய டீசல் வண்டிகளில் சிலவற்றின் பம்புக்கு டீசலேதான் எண்ணெய். அதில் கந்தகம் எடுக்கப்பட்டபோது வழுவழுப்பும் குறைந்தது. அதற்காகக் கம்பெனிக்காரர்களே டீசலில் ஏதோ சேர்த்து அனுப்புகிறார்கள். அதற்கு மேல் டூ டி ஆயில் ஊற்றினால் பழைய பம்புக்கு நல்லது என்று சில மெக்கானிக்குகள் சொல்கிறார்கள், வேண்டாத வேலை என்று சிலர் சொல்கிறார்கள். பழைய வண்டிக்குப் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் புது மாடல்களில் டீசல் முடி கனமான துளைகள் வழியாக ஏகப்பட்ட அழுத்தத்தில் பாய்கிறது. புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்க ஒரு ஃபில்டர் இருக்கிறது. கரியை அந்த ஃபில்டர் தானே எரித்துவிடும். எண்ணெயின் சாம்பலை எரிக்க முடியாது. அது உள்ளேயே தங்கும். அடுப்பில் விறகு எரிந்தால் புகை போய்விடும், சாம்பலை யாராவது வாரித்தானே ஆக வேண்டும். இந்த உதாரணத்தை எனக்குச் சொன்னவர் ஒரு பட்டறைக்காரர். நீ பட்டம் வாங்கியவன், வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்ப்பவன். இது உனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று வாயில் வந்ததைச் சொன்னாய். உனக்குத் தெரியாமல் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

ஆடியில் மாரி வண்டி மாற்றினான். ஐந்து வருஷத்துக்குள் உள்ள மாடல், டீலரிடம் ஆறு மாத வாரண்டியோடு வாங்கினான். கூட வாங்கியது டூ டி ஆயில். வயலுக்கு மருந்தடிக்கிறவர்கள் வீட்டிலெல்லாம் ஸ்பிரேயருக்குப் பக்கத்தில் ஒரு டப்பா இருக்கும், அவன் வீட்டிலும் இருந்தது. ஆனால் அதை அவன் தொடவில்லை. "இன்ஜினியர் தம்பி சொல்லியிருக்கு, நல்ல ஆயிலா ஊத்தணும்" என்று டவுனில் போய்ப் புது டப்பா வாங்கினான். மருந்து அளக்கிற கோடு போட்ட குவளையைக் கழுவிக் காயவைத்து, நாற்பது லிட்டருக்கு இருநூறு மில்லி, சொட்டு கூடாமல் சொட்டு குறையாமல் ஊற்றினான். ஒவ்வொரு முறை ஊற்றியதும் டைரியில் தேதி போட்டான். அந்தப் பக்கங்களை நான் என் கண்ணால் பார்த்தேன். என் மாணவர்களில் ஆய்வுக்கூட நோட்டை அவ்வளவு சுத்தமாக எழுதியவர்கள் குறைவு.

நாலாவது மாதம் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்த ஒரு டீச்சரம்மாவையும் துணைக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் போய்க்கொண்டிருந்தான். ஆடுதுறை தாண்டியதும் வண்டி இழுவை இழந்தது. எவ்வளவு மிதித்தும் மாட்டு வண்டி வேகம்தான். டீச்சரம்மாவைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வண்டியைக் கும்பகோணத்தில் டீலர் சொன்ன பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனோம். அங்கே ஒருவர் டேங்கிலிருந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். இலேசான பச்சை. முகர்ந்து பார்த்தார்.

"டூ டி ஊத்துறீங்களா?"

"ஆமாங்க. அளவோடதான்."

"அளவோட ஊத்தினாலும் ஊத்தினதுதானே. இது மட்டும்தான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா டீலர்கிட்ட இந்தப் பாட்டிலைக் காட்டினா வாரண்டி போச்சு. யாருங்க ஊத்தச் சொன்னது?"

மாரி என்னை ஒரு தடவை பார்த்தான். ஒரே தடவை. அப்புறம் சொன்னான்: "யாரும் சொல்லலை. நானாத்தான் ஊத்தினேன்."

"இதான். செல்லுல எதையாவது பாத்துட்டு வந்து ஊத்திடுறது" என்று அவர் சிரித்தார். நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. பங்கில் நீ சொன்னபோதும் திறக்கவில்லை, பட்டறையில் அவன் உன்னைக் காப்பாற்றியபோதும் திறக்கவில்லை. உன்னைத் திட்டிக்கொண்டே வருகிறேன் என்று நினைக்காதே. என்னையும் சேர்த்துத்தான்.

வீட்டுக்கு வந்ததும் உனக்குப் போன் செய்தேன். நீ சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். "அப்பா, நான் பழைய வண்டிக்குத்தான் சொன்னேன். அவர் புது வண்டிக்கு ஊத்தினா நான் என்ன பண்ண? இவங்கள்ட்ட ஒண்ணு சொன்னா ஒன்பது செய்வாங்க." நான் அப்போது, "சரி, பேசுவோம்" என்று வைத்துவிட்டேன். மூன்றாவது முறையாக வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு இந்த இரண்டு மாதம் நீ அவனை ஒரு தடவையும் கூப்பிடவில்லை.

முதலில் அந்த ஒன்பதைப் பார்ப்போம். அவன் ஒன்பது செய்யவில்லை. நீ சொன்ன ஒன்றைச் செய்தான், சொன்ன அளவில் செய்தான், கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுச் செய்தான். இனி அந்த "இவங்க". இவங்க என்றால் யார்? மாரி குடியிருக்கும், ஊர் ஒதுக்கிவைத்த தெற்குத் தெருக்காரர்கள். அந்தத் தெருவிலிருந்து இன்று நர்ஸ் வந்திருக்கிறாள், வக்கீல் வந்திருக்கிறான், நிலம் வாங்கி நடவு நடுகிறவர்கள் இருக்கிறார்கள். நீ அந்தச் சொல்லை எங்கே கற்றாய்? நம் வீட்டில் யாரும் பேசியதில்லை என்றுதான் உன் அம்மா சொன்னாள். ஆனால் வாயால் பேசாமலேயே அதைச் செய்தவன் இந்த வீட்டில் ஒருவன் இருக்கிறான். உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

எனக்கு வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்தபோது இருபத்துமூன்று வயது. ஊரில் பாதி நிலம் வைத்திருந்த பெரிய பண்ணை வீட்டின் பின்கட்டில் வாடகை இல்லாமல் ஓர் அறை கொடுத்தார்கள். அரிசியும் அங்கிருந்தே வந்தது. சாயங்காலம் கடைத்தெருவில் கட்சிக்காரர்கள் நடத்திய படிப்பகத்தில் செய்தித்தாள்களை நான் சத்தம் போட்டுப் படிப்பேன், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். மேடையில் சமத்துவம் பேசிய காலம், நானும் பேசினேன். நன்றாகவே பேசுவேன். கேட்பவர்களில் காத்தமுத்து என்று ஒருவர். பண்ணை வீட்டு நிலத்தில் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தார். தினமும் முதல் ஆளாக வருவார். மாரியின் அப்பா.

குத்தகைக்காரர்களின் பெயரைத் தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் ஏற்றலாம் என்ற சட்டம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. பெயர் ஏறிவிட்டால் நினைத்தபோது வெளியேற்ற முடியாது. செங்கொடிச் சங்கத்துக்காரர்கள் வீடு வீடாகப் போய் மனு கொடுக்கச் சொன்னார்கள். பண்ணை வீட்டுப் பெரியவருக்கு இது பிடிக்கவில்லை. அறுவடைக் காலங்களில் வரப்பில் போலீஸ் நின்ற வருஷங்கள் அவை. ஒரு நாள் காத்தமுத்து மனு காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்தார்.

"வாத்தியாரய்யா, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சு, கைநாட்டு வைக்கலாமா கூடாதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

நான் அந்தக் காகிதத்தின் முதல் இரண்டு வரியைப் பார்த்தேன். மீதியைப் படிக்கவில்லை. மணி அடிக்கும் நேரம். "பெரியவர் நல்ல மனுஷன் காத்தமுத்து. பதிவு அது இதுன்னு போனா வீணா மனஸ்தாபம். உங்களை யாரு வெளியேத்திடப்போறாங்க" என்றேன். அவர் உடனே எழுந்து போகவில்லை. "பெரியவரு காலத்துக்கு அப்புறமும் அப்படியேதாங்களா?" என்று கேட்டார். இரண்டாவது கேள்வி. "அப்புறமும் அப்படித்தான்" என்றேன். மனுவை என் மேஜை டிராயரில் வைத்துவிட்டுப் போனார். நான் பொய் சொல்லவில்லை, பெரியவர் நல்லவர்தான். ஆனால் எனக்குப் பதில் தெரியாது, தெரிந்த மாதிரி சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல வருஷம் யோசித்தேன். அந்த அறை, அந்த அரிசி. அதைவிடவும், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனிதர் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். அப்படி யாராவது காத்திருக்கும்போது "தெரியாது" என்று சொல்ல அந்த வயதில் எனக்கு மனம் வரவில்லை. உனக்கு முப்பத்தெட்டு வயதிலும் வரவில்லை.

பெரியவர் இரண்டாம் வருஷம் போய்ச் சேர்ந்தார். பட்டணத்திலிருந்து மூத்த மகன் வந்தார். சம்பா அறுத்த கையோடு அந்த ஒன்றரை ஏக்கரில் அவருடைய டிராக்டர் இறங்கியது. காத்தமுத்து தாசில்தாரிடம் போனார். "பதிவு இருக்கா?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் அடுத்தவர் வயலில் கூலிக்குத்தான் போனார். அதே வாய்க்காலில் மடை திறக்க வேறு ஆட்கள் வந்தார்கள். மாரி எட்டாவதோடு நின்று லாரிக்குக் கிளீனராகப் போனதற்குக் காரணம் அதுதான். அவன் ஸ்டீயரிங் பிடித்தது ஆசைப்பட்டு என்று நீ சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தாய். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது கணக்குப் பார்க்காமலே உனக்குப் புரியும்: ஒரே குடும்பம், நம் வீட்டார் வாய்ப்பேச்சை நம்பி இரண்டு தலைமுறையாக நடுத்தெருவில் நிற்கிறது.

இப்போது அவன் நிலைமை என்ன என்று நீ ஒரு தடவையும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து வண்டி ஓடுகிறது. போன பேர்தான் திரும்பவில்லை. டாக்ஸி ஸ்டாண்டில் அவனுக்கு "டூ டி" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். டீக்கடையில் கிளாஸை நீட்டினால், "டேய், மாரிக்கு ரெண்டு சொட்டு ஆயில் விட்டுக் கொடு, தொண்டை காஞ்சிருக்கும்" என்று ஒருவன் சொல்வான், நாலு பேர் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். சிரிக்க முடியாத இடமும் ஒன்று இருக்கிறது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு டீச்சர்களைத் தினமும் கூட்டிக்கொண்டு போகும் ஓட்டத்தை நம்பித்தான் அவன் அந்த வண்டியையே வாங்கினான். பள்ளிக்கூடத்துக்காரர், "வண்டியை வச்சுக்கத் தெரியாத ஆளு, நடுரோட்டுல நிறுத்திட்டா?" என்று தயங்குகிறார். தற்காலிகமாக வேறு ஒருவருக்குக் கொடுத்திருக்கிறார். பொங்கல் முடிந்ததும் யாருக்கு என்று முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். முப்பது வருஷம் வண்டி ஓட்டியவனுக்கு வண்டியை வைத்துக்கொள்ளத் தெரியாதாம். ஒரு இன்ஜினியர் சொல்லித்தான் ஊற்றினான் என்று தெரிந்தால் அந்தப் பேச்சு நிற்கும். அது உன் வாயில் இருக்கிறது. நீயோ கும்பகோணத்து வண்டி கேட்கிறாய்.

உன் போனைக் கேட்ட பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேற்றுக் காலை பத்து மணிக்கு நான் ஸ்டாண்டுக்கு நடந்து போனேன். ஐந்து வண்டி நின்றிருந்தது, டிரைவர்கள் எல்லாரும் டீக்கடை பெஞ்சில் இருந்தார்கள். மாரியும் இருந்தான். எழுந்து, "வாங்க சார், எங்க போகணும்?" என்றான். "எங்கயும் போகலை. ஒண்ணு சொல்லிட்டுப் போக வந்தேன்" என்று சொல்லி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். டூ டி ஆயில் ஊற்றச் சொன்னது என் மகன். புது வண்டிக்கும் ஊற்றலாமா என்று மாரி கேட்டான், ஊற்றலாம் என்றான். நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"அட, இன்ஜினியர் வேலைதானா இது" என்றார் ஒருவர். "இத்தனை நாளா வாயைத் தொறக்கலையே இந்த ஆளு" என்று மாரியைக் காட்டினார் இன்னொருவர். எனக்கு மனம் இலேசானதுபோல இருந்தது. நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நினைத்தேன். மாரியைப் பார்த்தேன். அவன் முகம் கறுத்திருந்தது. நாற்பது வருஷத்தில் அவன் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை.

"நான் கேட்டேனா சார் இதை?"

"நீ கேக்கலை மாரி."

"கேக்காம எதுக்கு வந்து சொல்றீங்க? தம்பி பேரைச் சொல்லணும்னா பட்டறையிலயே சொல்லியிருக்க மாட்டேனா? டைரியில எழுதி வச்சிருக்கேன்ல." டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தான். "எங்கப்பாவும் நீங்க சொன்னதைக் கேட்டுத்தான் கைநாட்டு வைக்கலை. எனக்குச் சின்னதுலயே தெரியும். உங்க வகுப்புல உக்காந்திருந்தப்பவே தெரியும். வாத்தியாரு ஒரு நாள் வந்து சொல்லுவாருன்னு எங்கப்பா இருந்தாரு. நானும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். இப்ப தம்பி செஞ்சதைச் சொல்ல வந்திருக்கீங்க. உங்களுதை எப்ப சொல்லப்போறீங்க?"

யாருக்கும் தெரியாது என்று நாற்பத்தைந்து வருஷம் நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அவனுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த நாளில் அவன் அதைத் தெரிந்துகொண்டுதான் என் முன்னால் உட்கார்ந்திருந்திருக்கிறான். பெஞ்சில் இடம் விட்டார்கள். உட்கார்ந்து சொன்னேன். முதல் இரண்டு வரிக்கு மேல் நான் படிக்காத மனு, மேஜை டிராயர், பண்ணை வீட்டு அரிசி, அவர் கேட்ட இரண்டாவது கேள்வி, எல்லாவற்றையும் சொன்னேன். இளம் டிரைவர்கள் இரண்டு பேருக்கு அந்தச் சட்டமே தெரியாது. பக்கத்தில் இருந்தவர் மெல்ல விளக்கினார். யாரும் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது.

கேட்டு முடித்து மாரி பெஞ்சிலிருந்த கிளாஸை எடுத்து டீக்கடைக்காரரிடம் கொடுத்தான். அப்புறம், "தம்பி பொங்கலுக்கு வருதா சார்?" என்றான்.

"வருவான்."

"வரட்டும். வந்து அவரு வாயால சொல்லட்டும். நீங்க சொன்னது உங்களோட. அதை வச்சு அவரைக் கழிச்சு விட முடியாது."

ஆகையால் கேள். கும்பகோணத்துக்கு நான் வண்டி சொல்லவில்லை, உன் அம்மாவும் சொல்ல மாட்டாள். ஸ்டேஷனில் இறங்கி டவுன் பஸ் ஏறு. மனைவியையும் பிள்ளைகளையும் நம் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, நீ மட்டும் அடுத்த நிறுத்தத்தில், ஸ்டாண்டு வாசலில் இறங்கு. வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நினைக்காதே. சாப்பிட்டால் போக மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். அத்தனை டிரைவர்களுக்கும் முன்னால், "எந்த வண்டின்னு கேக்காம நான் சொன்னேன், தப்பு என்னுது" என்று சொல். கந்தகம், அழுத்தம், விகிதம் என்று ஆரம்பிக்காதே. பிறகு அதே மூச்சில் பள்ளிக்கூடத்துக்காரரிடம் போய், நீ எங்கே வேலை பார்க்கிறாய் என்பதையும் சொல்லி, அங்கேயும் சொல். நான் கூட வர மாட்டேன். நான் நின்றால் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

மாரி உன்னைத் திட்டலாம். திட்டினால் நின்று கேள். அவன் திட்டாமலும் இருக்கலாம், அதைத்தான் நான் உனக்கு முக்கியமாக எழுதுகிறேன். நிலம் போன மறுவாரம் காத்தமுத்து என்னைப் பள்ளிக்கூட வாசலில் பார்த்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே, "பரவாயில்லைங்கய்யா, உங்களுக்கு என்ன தெரியும்" என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. தலையாட்டிவிட்டு வகுப்புக்குள் போய்விட்டேன். உன்னிடமும் அவன், "பரவாயில்லை தம்பி" என்பான். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதே.

உன் அப்பா